ரேஸ் ட்ராக்குக்கு டூல் பாக்ஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் சக்கரத்தைப் பாருங்கள்

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் சொந்த பைக்கோடு ரேஸுக்கு வரும் பையன்கள் பலரும் என்னிடம் கேட்பது, "அண்ணே, எந்த கம்பெனி டூல் பாக்ஸ் நல்லது?" என்பதுதான். கம்பெனி பெயரை நான் கடைசியில்தான் சொல்வேன். பெட்டி எந்தத் தரையில் உருளப் போகிறது, வண்டியில் அதை ஏற்றி இறக்கப் போவது யார், இந்த இரண்டையும் முதலில் யோசியுங்கள்.

கேரேஜ் கிடைத்தவர்களுக்கு சிமெண்ட் தரை. கிடைக்காதவர்கள் பேடாக்கில், அதாவது டீம்கள் பைக்கை நிறுத்தி வேலை பார்க்கும் திறந்தவெளியில், கூடாரம் அடித்துத்தான் வேலை பார்க்க வேண்டும். வண்டியிலிருந்து அங்கே போவதற்குள் ஜல்லியும் வரும், புல்லும் வரும், முந்தின இரவு மழை பெய்திருந்தால் சேறும் வரும். ஒர்க்ஷாப்பில் வைக்கிற, டிராயர் அடுக்கிய நாலு சக்கர கேபினெட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் சின்னச் சக்கரம் முதல் ஜல்லியிலேயே நின்றுவிடும். வண்டி குலுங்கினால் டிராயர் திறந்துகொள்ளும், தூசி புகுந்தால் பேரிங் கரகரக்கும். அதை ஒர்க்ஷாப்பிலேயே விட்டுவிடுங்கள். ட்ராக்குக்கு இரண்டு பெரிய சக்கரம் போதும். 7 அங்குலத்துக்குக் குறையாமல், காற்று அடைக்காத கெட்டி ரப்பராக இருக்கட்டும். பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரே இரும்புக் கம்பி ஓடுகிறதா? பக்கத்துக்கொரு பிளாஸ்டிக் குச்சியில் மாட்டியிருந்தால் வாங்காதீர்கள். கடைக்காரரிடம் சொல்லி உள்ளே 20 கிலோ கனம் வைக்கச் செய்து, கைப்பிடியை முழுக்க இழுத்து, ஒரு கையால் உருட்டுங்கள். ட்ராக்கில் உங்கள் இன்னொரு கையில் பைக்கைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் இருக்கும். கைப்பிடி வளைந்தாலோ ஆடினாலோ அந்தப் பெட்டி உங்களுக்கு ஆகாது.

அடுத்து எடை. கடைக்குப் போவதற்கு முன்பே உங்கள் கருவிகளை எல்லாம் ஒரு தார்ப்பாயில் பரப்பிவிடுங்கள். 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர், ராட்செட்டும் சாக்கெட்டும், டி ஸ்பேனர், ஆலன் கீ, ஆக்ஸில் நட்டுக்குப் பெரிய சாக்கெட், நட்டை அளவாக முறுக்குவதற்குச் சின்னதும் பெரிதுமாக இரண்டு டார்க் ரெஞ்ச், செயின் கட்டர், சுத்தியல், போல்ட் கழலாமல் கம்பி கட்டுவதற்கான லாக் வயர் பிளையர், டயர் கேஜ். எடை போட்டால் 25 கிலோ சாதாரணமாக வரும். உதிரி சாமான் சேர்ந்தால் 40. அவ்வளவையும் ஒரே பெரிய பெட்டியில் போட்டு, ரேஸ் முடிந்த களைப்பில் ராத்திரி தனியாளாக டாடா ஏஸில் தூக்கி வைக்க முடியுமா? அதனால்தான் ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும் மூன்றடுக்குப் பெட்டியைச் சொல்கிறேன். உருட்டும்போது ஒன்றாக வரும், ஏற்றும்போது தனித்தனியாகக் கழலும்.

அடுக்குப் பெட்டியில் எனக்குப் பிடித்த விஷயமே வேறு. மேல் பெட்டியை மட்டும் கழற்றி, ரேஸ் நடுவே பைக் வந்து நிற்கும் பிட்டுக்குக் கொண்டு போகலாம். இங்கே ட்ராக் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், பைக் ஏறக்குறைய 2 நிமிடத்தில் சுற்றி வந்துவிடும். ரைடர் உள்ளே வந்து "பிரேக் லீவர் தள்ளி இருக்கு" என்றால், அப்போது சாக்கெட் தேடிக்கொண்டிருக்க முடியாது. மேல் பெட்டியில் 8, 10, 12 டி ஸ்பேனர், ஆலன் கீ, டயர் கேஜ், சஸ்பென்ஷன் திருப்பும் சாமான், உதிரி லீவர், கேபிள் டை, டேப், பனியன் வேஸ்ட். அதிகாரிகள் பைக்கைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி நாளன்று லாக் வயரும் பிளையரும் மேலே வரட்டும். ஆயில் போல்ட்டில் வயர் கட்டவில்லை என்று அதிகாரி சொன்னால் அங்கேயே கட்டிக் காட்டலாம். நடுப் பெட்டியில் பிரேக் பேடு, செயின் லாக், போல்ட், கிளட்ச் கேபிள் போன்ற உதிரிகள். சுத்தியலும் பெரிய சாக்கெட்டும் அடியில், சக்கரத்தின் மேலேயே இருக்கட்டும். கனம் கீழே இருந்தால்தான் பெட்டி திரும்பும்போது சாயாது. ஸ்பிராக்கெட் அடிக்கடி மாற்றுபவர்கள் அதற்கான கருவியை நடுப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், அது உங்கள் வசதி.

டார்க் ரெஞ்ச்சை அடியில் போடாதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி, அதன் உறையிலேயே வைத்து, குலுங்காத இடத்தில் வையுங்கள். பிரேக் ஆயில், செயினுக்கு அடிக்கும் லூப், கிளீனர் எதுவும் கருவிப் பெட்டிக்குள் வரக் கூடாது. பிரேக் ஆயில் கசிந்தால் பெயின்டைத் தின்றுவிடும். அவற்றுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளி போதும்.

மேல் பெட்டிக்குள் ஃபோம் வெட்டிப் போடும் வேலையை மட்டும் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். அடியில் மஞ்சள், மேலே கருப்பு என்று இரண்டு நிறத்தில் ஃபோம் வாங்கி, ஒவ்வொரு கருவியின் உருவத்துக்கும் கருப்பை வெட்டுங்கள். ஸ்பேனர் இல்லாத இடத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரியும். பைக் வெளியே போகும் முன் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்க்க வேண்டும். மஞ்சள் தெரிந்தால், அந்தக் கருவி கிடைக்கும்வரை பைக் நகரக் கூடாது. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் மேல் மறந்து வைத்த ஒரு 12 ஸ்பேனர் வளைவில் விழுந்தால், பின்னால் வரும் பையன் அதன் மேல் ஏறுவான். அவனுடைய உயிர் நம் பெட்டியின் ஒழுங்கில் இருக்கிறது. அழகுக்காக ஃபோம் வெட்டச் சொல்லவில்லை.

தகரமா பிளாஸ்டிக்கா என்று கேட்டால், ட்ராக்குக்கு பிளாஸ்டிக். டபாரியாவின் விரித்து மூடும் தகரப் பெட்டி வீட்டு வேலைக்குப் பல வருஷம் உழைக்கும். ஆனால் மே மாத வெயிலில் அதைத் தொட முடியாது, மழையில் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும். மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை ஓடும் பெட்டியாகப் பாருங்கள். டிவால்ட்டின் டஃப்சிஸ்டம் பெட்டிகளில் ஐபி 65 என்று போட்டிருக்கும். தூசியும், பீய்ச்சி அடிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது என்று அர்த்தம். ஆனால் ஈரக் கருவியை உள்ளே வைத்து மூடினால் அதே ரப்பர் ஈரத்தை வெளியே விடாது. துடைத்து வையுங்கள், நாலு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள். மூடி மேல் உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள் என்றால், அது எத்தனை கிலோ தாங்கும் என்று லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி என்று கேட்டால் ஸ்டான்லி, டிவால்ட் இரண்டிலும் அடுக்குப் பெட்டி வருகிறது. பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் கருவிக் கடைகளில் நேரில் உருட்டிப் பார்த்து வாங்குங்கள். முதலில் உடைவது கிளிப்பும் கைப்பிடியும்தான். அவை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். "பெட்டியே புதுசா வாங்கிக்கோங்க" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.