பண்டில் சீட்டிலிருந்து பார்கோடுக்கு: முதல் பேச்சு யாரிடம், எப்படி?

பனியன் கம்பெனியில் கூலிக் கணக்கு, துணிக் கட்டோடு வரும் பண்டில் சீட்டிலிருந்து பார்கோடு ஸ்கேனுக்கு மாறுகிறதா? மெஷின் இறங்குவதற்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். டெய்லர், சூப்பர்வைசர், கணக்கர், வெளியே வேலை எடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் யூனிட், சங்கம் என்று ஒவ்வொருவருக்கும் என்ன மாறுகிறது என்பதை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாளிக்குச் செலவும் தேதியும் போதும்.

சூப்பர்வைசர்களிடம் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். டெய்லர் கேட்கப்போவது அவரைத்தான். "எனக்கே தெரியாதுப்பா" என்று அவர் கைவிரித்தால், மாலைக்குள் "ஆள் குறைக்கப் போறாங்க" என்று பேச்சு பரவிவிடும்.

பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட்காரரின் கவலை கூலிதான். மென்பொருளின் அருமை பெருமையெல்லாம் பிறகு. ரேட் மாறாது என்றால் அறிவிப்பின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும். மாறும் என்றால் மழுப்பாதீர்கள்: கூலி முறையை மாற்ற, தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி (2020) எழுத்தில் நோட்டீஸ் தந்து பொதுவாக 21 நாள் பொறுக்க வேண்டும். ஸ்கேன் விழாத பண்டிலை யாரிடம், எப்போதைக்குள் சொல்வது என்பதையும் எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான். முதல் வாரம் இரண்டு கணக்கும் ஓடட்டும், சீட்டையும் பிரிண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

வடமாநிலத்தார் இருந்தால் இந்தி, ஒடியாவில் குரல் பதிவு அனுப்புங்கள். நோட்டீஸ் போர்டு மட்டும் போதாது. முடிவாகாததை "வெள்ளிக்கிழமை சொல்கிறோம்" என்று தேதியோடு சொல்லுங்கள். வெள்ளியன்றும் முடிவாகவில்லையா, அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.