ஒளுத் தண்ணீரை வீணாக்காமல் இருக்கும் முறை

தொழுகைக்கு முன் கை, முகம், கால் முதலியவற்றைக் கழுவிச் சுத்தம் செய்வதே ஒளு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து (‘முத்’ என்னும் அரபு அளவு) தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் என்னும் இரு நபிமொழித் தொகுப்புகளிலும் பதிவாகியிருக்கிறது. நடுத்தர உடலுள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவே ஒரு முத்து. இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் (மத்ஹப்) ஒன்றான ஷாஃபிஈயின் கணக்கில் அது முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு.

முதலில் வீட்டில் அளந்து பாருங்கள். குழாய்க்கடியில் வாளியை வைத்து, வழக்கம்போல் ஒளுச் செய்துவிட்டு, வாளியில் சேர்ந்ததை லிட்டர் குவளையால் அள்ளி எண்ணுங்கள். நான் முதன்முறை அளந்தபோது ஐந்து குவளைக்கு மேல் வந்தது. மறுநாள் கவனித்ததில், கை கால் கழுவியதற்குச் செலவானது கொஞ்சம்தான். சட்டைக் கையை மடக்கும்போதும், தலைக்கு மஸஹ் செய்யும்போதும் (ஈரக் கையால் தடவும்போதும்) குழாய் திறந்தே கிடந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. ஆகவே கையை மடக்கிய பிறகே குழாயைத் திறங்கள். பென்சில் கனத்துக்குத் தண்ணீர் விழுந்தால் போதும். ஒவ்வொரு உறுப்புக்கும் இடையில் மூடுங்கள். ஒரு குவளையில் எடுத்து ஊற்றிப் பழகினால் இன்னும் எளிது.

பள்ளிவாசலில் இந்தக் கவனம் இருமடங்கு வேண்டும். அங்குள்ள தண்ணீர் ஒளுவுக்கென வக்ஃப் செய்யப்பட்டது, அதாவது அறக்கொடையாக ஒதுக்கப்பட்டது. சொந்தத் தண்ணீரில் மூன்று முறைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்று சொல்லும் ஷாஃபிஈ மத்ஹப், வக்ஃப் தண்ணீரில் அதையே ஹராம் (தடுக்கப்பட்டது) என்கிறது. இந்தச் சட்டத்தை ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில்) ஒருமுறை சொல்லும்படி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டும் அறிவிப்பைவிட அது மனத்தில் நிற்கும். ஒழுகும் குழாய்களுக்கு வாஷர் மாற்றும் பொறுப்பை ஜமாஅத்தில் (பள்ளிவாசலைச் சேர்ந்த மக்களில்) ஒருவர் பெயரிலேயே ஒப்படைப்பது நல்லது.

அடுத்தது, வழிந்தோடும் தண்ணீர். அதில் சோப்பு கலப்பதில்லை என்பதால் தென்னைக்கும் வாழைக்கும் தாராளமாக விடலாம். ஒளுவுக்குப் பயன்பட்ட அந்தத் தண்ணீர் தூய்மையானதுதான், ஆனால் அதைக் கொண்டே மீண்டும் ஒளுச் செய்யக் கூடாது. எனவே மரத்துக்கு அனுப்புவதே பொருத்தம். முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியை ஜமாஅத்தாரிடம் எடுத்துச் சொன்னால், குழாய் போடும் செலவை ஏற்க ஆள் கிடைப்பார்.

கழிவறைக் குழாயோடு இணைக்காமல் தனிக்குழாய் போடுங்கள். இடையில் ஒரு சிறு தொட்டி கட்டி, அடியில் சரளைக் கல்லும் மேலே மணலும் நிரப்பினால் தலைமுடியும் அழுக்கும் அங்கேயே தங்கிவிடும். தண்ணீர் தேங்கினால் கொசு பெருகும் என்பதால் தொட்டியை மூடிவையுங்கள். மேல்மணல் வழவழப்பானதும் அள்ளிப்போட்டுப் புதுமணல் நிரப்புங்கள்.