குண்டு கீழே இடப்பக்கம் போகிறதா? சைட்டைத் தொடாதீர்கள்

நுவரெலியாவில் பனி விலகாத காலையில் பத்து மீற்றர் தூரத்து அட்டையைச் சுடும் ஏர் பிஸ்டல் (காற்றுத் துப்பாக்கி) பழகப் போனால் விரல் விறைத்துத்தான் இருக்கும். முதல் ஐந்து குண்டும் இடப்பக்கம் கீழே விழும். உடனே குறிபார்க்க உதவும் பின் சைட்டைத் திருகத் தொடங்குவோம். நானும் அப்படித் திருகியவன்தான்.

வலக்கைக்காரருக்கு ஓட்டைகள் அங்கே விழுந்தால் பெரும்பாலும் விசையை (ட்ரிகரை) வெடுக்கென்று இழுத்திருப்பார். இடக்கைக்காரருக்கு வலப்பக்கம் கீழே. விசை விரலோடு மற்ற விரல்களும் இறுகி, மணிக்கட்டு சற்று மடிந்துவிடும். எங்கள் சித்தி டக் டக்கென்று கொழுந்து கிள்ளுவார். மலையில் அந்த வேகம்தான் கூடையை நிரப்பும். ரேஞ்சில், அதாவது சுடும் களத்தில், அதே விரல் புள்ளியைத் தின்றுவிடும். போட்டி விதிப்படி விசை விடுவதற்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவைப்பட வேண்டும். அந்த அழுத்தத்தை நிதானமாக ஏற்றிக்கொண்டே போங்கள், எந்தக் கணத்தில் விசை விடும் என்று உங்களுக்கே தெரியாதபடி.

குற்றவாளி விரல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரேஞ்சிலேயே, துப்பாக்கியில் பெல்லட் குண்டு இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, வெற்று வெள்ளை அட்டையை நோக்கிச் சும்மா விசையை அழுத்துங்கள். 'கிளிக்' என்ற நொடியில் குழல் நுனியில் உள்ள முன் சைட் குனிந்தால் விஷயம் முடிந்தது.

அடுத்தது கண். கறுப்பு வட்டத்தையே உற்றுப் பார்ப்பது பெரிய தவறு. வட்டம் மங்கலாகத் தெரியட்டும், முன் சைட் மட்டும் கூர்மையாக இருக்கட்டும். கணக்கைப் பாருங்கள்: இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 33 சென்ரிமீற்றர். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் அரை மில்லிமீற்றர் விலகினால் அட்டையில் 15 மில்லிமீற்றர் தள்ளிப்போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5தான்! கை ஆடி, சைட்டுகளின் ஒழுங்கு குலையாமல் முழுத் துப்பாக்கியும் 5 மில்லிமீற்றர் நகர்ந்தால் 5 மில்லிமீற்றர்தான் நட்டம். பத்து அப்போதும் கிடைக்கும். ஆகவே கை ஆடுகிறதே என்று பயந்து விசையைப் பிடுங்காதீர்கள்.

பத்து விநாடிக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதும் வேண்டாம். இறக்கிவிட்டு மூச்சு வாங்குங்கள். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது, என்ன அவசரம்?

சரி, சைட்டை எப்போதுதான் திருகுவது? ஐந்து குண்டும் நெருக்கமாக, ஆனால் நடுவை விட்டு ஒரே பக்கம் விழுந்து, விரலிலும் குறையில்லை என்று தெரிந்த பிறகு. ஒற்றை ஓட்டையைப் பார்த்துத் திருகினால் அடுத்த தவறுக்கு நீங்களே வழி வெட்டுகிறீர்கள்.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பார்க்கும் முன்பே குண்டு எங்கே போயிருக்கும் என்று எழுதுங்கள், அப்புறம் விழுந்த இடத்தை எழுதுங்கள். தேத்தண்ணிக் கறை படிந்த என் பழைய கொப்பியில் பக்கம் பக்கமாக இப்படித்தான் கிடக்கிறது: "சொன்னது பத்து. விழுந்தது ஏழு, இடம், கீழே. சைட் இரண்டு கிளிக் திருப்பினேன்."