நகராட்சி பட்ஜெட்டைப் படித்து, தெருவுக்கு ஒரு வேலை வாங்குவது எப்படி?

ஐப்பசி மழையில் தெரு குளமானதும் நாலு பேர் சேர்ந்து மனு எழுதுவோம். கவுன்சிலர் வாங்கிக்கொள்வார். நகராட்சி அலுவலகத்தில் முத்திரை குத்தித் தருவார்கள். கொஞ்ச நாள் கழித்து "நிதி நிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு தாள் வரும். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நமக்குக் கோபம். ஆனால் பல நேரம் அது உண்மையான பதில்தான். அந்த ஆண்டுப் பணம் எந்தெந்த வேலைக்கு என்று மார்ச் மாதமே பெரும்பாலும் முடிவாகியிருக்கும். நவம்பரில் போய் நின்றால் மிச்சம் மீதியில்தான் பங்கு.

எப்போது கேட்பது, எந்தக் கணக்கிலிருந்து கேட்பது என்ற இரண்டும் தெரிந்தவர்களின் மனு வேறு மாதிரி நகரும். தமிழ்நாட்டின் நகராட்சி, பேரூராட்சிகளில் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மாநகராட்சியில் மேயர், மண்டலம் என்று அடுக்கு கூடும். கணக்கு எழுதும் முறை ஏறக்குறைய இதேதான்.

படி 1: அது யாருடையது என்று பாருங்கள்

பாதி மனுக்கள் இங்கேயே செத்துப்போகின்றன. ஊருக்குள் ஓடும் எல்லாச் சாலையும் நகராட்சிச் சாலை அல்ல. பேருந்து போகிற பெரிய சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். மின்கம்பம் மின்வாரியத்தது, அதில் எரிகிற தெருவிளக்கு நகராட்சியினுடையது. தெருவோர வடிகால் நகராட்சியினுடையது, அது போய்ச் சேரும் கால்வாய் நீர்வளத் துறையுடையதாக இருக்கலாம். வார்டு உதவிப் பொறியாளரிடமோ ஓவர்சியரிடமோ ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

படி 2: பட்ஜெட் புத்தகத்தைக் கையில் எடுங்கள்

நிதியாண்டு ஏப்ரல் 1ல் தொடங்குகிறது. அதற்கு முன் மன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வைக்கப்பட்டு நிறைவேற வேண்டும். முதலில் உங்கள் நகராட்சியின் இணையதளத்தில் தேடுங்கள். 'டிஎன் அர்பன் ட்ரீ' என்ற அரசுத் தளத்தின் கீழ் ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு பக்கம் உண்டு. சில ஊர்களில் பழைய ஆண்டு பட்ஜெட்தான் தூங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் கவுன்சிலரிடம் கேளுங்கள். மன்றக் கூட்டத்துக்காக அவருக்குப் பிரதி வந்திருக்கும்.

அங்கேயும் கிடைக்கவில்லையா, சரி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் எங்கள் தெருவுக்கு ஒதுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் சொல்லும் கடமை இந்தச் சட்டத்தில் இல்லை. "இந்த நிதியாண்டின் வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டின் நகல், அதை ஏற்ற மன்றத் தீர்மானத்தின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். முதல் கடிதத்திலேயே மிரட்டல் தொனி வேண்டாம். நகல் எடுத்துத் தரப்போகிறவர் ஒரு எழுத்தர், பாவம், அவருக்கும் நம் சாக்கடைக்கும் பகையில்லை.

படி 3: மூன்று பைகள், நான்கு பத்திகள்

புத்தகத்தைத் திறந்ததும் எண்கள் மிரட்டும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம்.

முதலில் பைகள். நம் நகராட்சிகள் பணத்தை மூன்று நிதிகளாகப் பிரித்துக் கணக்கு வைக்கின்றன: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. நீங்கள் கட்டும் சொத்துவரியே இப்படிப் பிரிந்துதான் உள்ளே போகிறது. பொது வரிப் பங்கு ஒன்றில், குடிநீர் வடிகால் பங்கு இன்னொன்றில், கல்வி வரிப் பங்கு மூன்றாவதில். அதோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரி நகராட்சியிடம் தங்காது, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடும்.

இதைத் தெரிந்துகொள்வதில் என்ன லாபம்? தெருச் சாலை, தெருவிளக்கு, பூங்கா, குப்பை, சம்பளம் எல்லாம் முதல் பையில் முட்டி மோதுகின்றன. ஆனால் நகராட்சிப் பள்ளியின் ஒழுகும் கூரை கல்வி நிதியிலிருந்து செய்யக்கூடிய வேலை. அந்தப் பையில் கை வைக்கப் போட்டி குறைவு. "சாலை போடவே பணமில்லை, பள்ளிக்கு எங்கே போவது" என்று யாராவது சொன்னால், கல்வி நிதியின் இறுதி இருப்பு எவ்வளவு என்று பணிவாகக் கேளுங்கள். பேச்சு சட்டென்று மாறும்.

அடுத்து பத்திகள். ஒவ்வொரு தலைப்புக்கும் நேராகப் பொதுவாக நான்கு எண்கள் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டுக்கு முதலில் போட்ட மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. செய்தித்தாளில் வருவது கடைசி எண். அது ஆசை. உண்மைச் செலவுதான் நடந்தது. மழைநீர் வடிகால் என்ற தலைப்பில் ஆண்டுதோறும் பெரிய தொகை போட்டு, திருத்திய மதிப்பீட்டில் அதைப் பாதியாக்கி, உண்மைச் செலவில் இன்னும் குறைந்திருந்தால், அந்த ஊரில் திட்டம் போடும் இடத்தில் சிக்கலில்லை, வேலை நடக்கும் இடத்தில்தான் சிக்கல் என்று புரிந்துகொள்ளலாம். இந்த ஒரு வரியை மூன்று ஆண்டுப் புத்தகங்களில் தொடர்ந்து பார்த்தாலே பட்ஜெட் படிக்கக் கற்றுக்கொண்டதாக அர்த்தம்.

வரவுப் பக்கத்தில் எது சொந்தப் பணம், எது வந்த பணம் என்று மட்டும் பிரியுங்கள். சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், பேருந்து நிலையக் கடை வாடகை, சந்தை ஏலம் இவையெல்லாம் சொந்தம். மாநில, மத்திய நிதிக்குழுக்கள் (அரசின் வரிப்பணத்தில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பவை) சொல்லும் மானியம், மத்திய அரசின் அம்ருத் திட்டம், மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவை வெளியிலிருந்து வருபவை. வெளிப் பணத்தில் பல நிபந்தனைகள் உண்டு. எடுத்துக்காட்டாக, 2021 முதல் 2026 வரைக்கான 15வது நிதிக்குழு, நம் மாதிரி சிறிய நகரங்களுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்தது. கையில் பணம் இருந்தும் சாலைக்கு இல்லை என்று ஆணையர் சொன்னதற்கு இது காரணமாக இருக்கலாம்.

செலவுப் பக்கத்தில் சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டம் உள்ள ஊராக இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றை முதலில் கழித்துவிடுங்கள். இவை யார் வந்தாலும் போகிற பணம். மீதிக்குத்தான் எல்லா வார்டும் சண்டை.

படி 4: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து அளந்துகொள்ளுங்கள்

"எங்கள் பகுதிக்கு அடிப்படை வசதி வேண்டும்" என்பது மனுவே அல்ல. ஒரு வேலை, ஒரு இடம், ஒரு அளவு. டேப் எடுத்துத் தெருவின் நீளம், அகலம், தண்ணீர் தேங்கும் இடம் எல்லாவற்றையும் அளந்து, எதிரில் இருக்கும் கதவு எண்ணோடு குறியுங்கள். எஸ்டிமேட் போட வரும் பொறியாளருக்குப் பாதி வேலை மிச்சம். அப்படிப்பட்ட மனு கட்டின் அடியில் போவதில்லை.

பழைய சாலைமேல் புதுச் சாலை போட்டுப் போட்டு வீட்டு வாசற்படி பள்ளமாகிவிட்ட தெருவாக இருந்தால், பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். 2021ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதை அறிவுறுத்தினார். எஸ்டிமேட்டில் அந்த வேலை சேராவிட்டால் பின்னால் ஒப்பந்ததாரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

தெருவாசிகள் கொஞ்சம் பணம் போட முடியும் என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தர வேண்டும், மீதி அரசுடையது. பூங்கா, பள்ளிக் கட்டடம், குளம் தூர்வாருதல் போன்றவற்றுக்கு நல்ல வழி. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி (ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்) இன்னொரு கதவு. அதற்கு மனு தனியாக எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

படி 5: பகுதி சபையில், டிசம்பர் ஜனவரி மாதங்களில் கேளுங்கள்

கிராம சபை எல்லோருக்கும் தெரியும். நகரங்களுக்கும் அதுபோல வார்டு குழு, பகுதி சபை என்று 2022ல் விதிகள் வந்தன. அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் பகுதி சபை உறுப்பினர்கள். அழைப்பிதழ் தேவையில்லை. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை இதற்கான நாட்கள். நமக்கு முக்கியம் டிசம்பரும் ஜனவரியும். பட்ஜெட் தயாராகிக்கொண்டிருக்கும் நேரம் அது.

கூட்டம் நடக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள். பல வார்டுகளில் நாலு நாற்காலி, ஒரு புகைப்படம், அவ்வளவுதான். பத்துப் பேர் முன்கூட்டியே வருவதாகச் சொன்னால் கூட்டத்தின் தன்மையே மாறும். பேசுவதைக் காட்டிலும் பதிவேட்டில் எழுத வைப்பதுதான் வேலை. இப்படி எழுதிக் கொடுங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் தெருவில் கதவு எண் 14 முதல் 38 வரை 100 மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகால் இல்லை. வரும் நிதியாண்டின் வரவு செலவுத் திட்டத்தில், தகுந்த நிதியில், இப்பணியைச் சேர்க்கும்படி இந்தப் பகுதி சபை பரிந்துரைக்கக் கேட்டுக்கொள்கிறோம். அளவுகளும் படங்களும் இணைப்பில்."

ஒரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதி ஆணையருக்கு. அங்கே அசையாவிட்டால் முதல்வரின் முகவரி என்ற புகார்ப் பிரிவின் தொலைபேசி எண் 1100, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் இரண்டும் உண்டு. எடுத்த எடுப்பில் அங்கே போனால் மனு சுற்றிக்கொண்டு அதே உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும்.

படி 6: பட்ஜெட்டில் வந்ததும் விட்டுவிடாதீர்கள்

புத்தகத்தில் பெயர் வந்தால் பந்தல் போட்ட மாதிரி, கல்யாணம் இன்னும் முடியவில்லை. அதற்கப்புறம் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், மன்றத்தின் ஏற்பு, பணி ஆணை என்று வரிசை இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை "இப்போது எந்தக் கட்டம்?" என்று கேட்டால் போதும். அரசின் டெண்டர் இணையதளத்தில் நகராட்சியின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பும் கிடைக்கும்.

படி 7: வேலை நடக்கும்போது அளவு பாருங்கள்

பணி ஆணையும் எஸ்டிமேட்டும் கையில் இருந்தால் கணக்கு எளிது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று கான்கிரீட் சாலை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 × 3 × 0.15 = 45 கன மீட்டர் கலவை. கனம் 10 சென்டிமீட்டராகக் குறைந்தால் 30 கன மீட்டர்தான் ஆகும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாலைதான், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். கலவை லாரி ஒன்றில் 6 கன மீட்டர் வருகிறது என்றால், முதல் கணக்குக்கு ஏழரை லோடு, இரண்டாவதற்கு ஐந்து லோடு. திண்ணையில் உட்கார்ந்து லோடு எண்ணத் தெரு முனையில் ஒரு பெரியவர் எப்போதும் இருப்பார். அவரிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்துவிடுங்கள்.

கலவை ஊற்றும் முன், பக்கப் பலகையின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து படமெடுக்கலாம். பாதுகாப்பான தூரத்தில் நின்று, தொழிலாளர்களிடம் வாக்குவாதம் செய்யாமல். கனத்தை முடிவு செய்வது அவர்கள் அல்ல. குறை தெரிந்தால் அன்றைக்கே உதவிப் பொறியாளருக்குப் படத்தோடு எழுதுங்கள். கான்கிரீட் இறுகியபின் எழுதுவதில் பயனில்லை. அளவீட்டுப் புத்தகத்தின் (நடந்த வேலையின் அளவைப் பொறியாளர் குறித்துவைக்கும் பதிவேடு) நகலைக் கேட்கவும், பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கவும் தகவல் உரிமைச் சட்டமே வழி தருகிறது. பலருக்கு இது தெரியாது.

ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்று பார்த்து, முடியும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அதற்குள் பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

படி 8: தெருவுக்குச் செய்தி சொல்லுங்கள்

தெரு வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கும் கட்சிச் சண்டைக்கும் நடுவே, மாதம் ஒருமுறை ஒரே ஒரு செய்தி. கட்சிப் பெயர் வேண்டாம், யார் முயற்சியால் வந்தது என்ற புகழும் வேண்டாம். தேதி, தொகை, கட்டம், அடுத்து செய்ய வேண்டியது மட்டும். வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்காக மளிகைக் கடைச் சுவரில் ஒரு அச்சுப்பிரதி. அதன் வடிவம் இப்படி இருக்கலாம்:

"வார்டு செய்தி, அக்டோபர். 1) வடிகால் பணி: டெண்டர் முடிந்தது, பணி ஆணை இன்னும் வரவில்லை. 2) மேற்குக் கோடியில் இரண்டு விளக்குகள் எரியவில்லை, புகார் பதிவு செய்தாயிற்று. 3) இரண்டாம் அரையாண்டுச் சொத்துவரியை இந்த மாதம் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் (அதிகபட்சம் 5,000 ரூபாய்) சலுகை. 4) அடுத்த பகுதி சபை டிசம்பர் 10. கேட்க வேண்டிய வேலை இருந்தால், அளந்து, நவம்பர் கடைசிக்குள் குழுவில் போடவும்."