பறக்கிற தும்பியைப் படம் எடுப்பது எப்படி?

இலங்கையின் வன்னியிலுள்ள இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று பெரிய குளங்களுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. ஊர்ச் சின்னக்குளத்து அலைகரையோ வயல் வாய்க்காலோ போதும். கமராவில் 300 மில்லிமீற்றர் வரை இழுக்கக்கூடிய லென்ஸ் இருந்தால் நல்லது.

முதலில் கமராவைத் தோளில் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். நான் மிக முக்கியம் என்று நினைக்கும் படி இதுதான். ஆண் தும்பி தண்ணீரோரத்தில் தனக்கென்று ஒரு துண்டு இடம் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் போய்த் திரும்பும், இன்னொரு ஆண் வந்தால் கலைக்கும், மறுபடி அதே வழியில் வரும். போகிற வழியில் ஓரிடத்தில் அந்தரத்தில் கொஞ்சம் நிற்கும். அந்த இடம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. பின்னால் ஓடினால் படத்தில் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

சரி, எங்கே நிற்பது? வெயிலும் காற்றும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அந்தரத்தில் நிற்கும் தும்பி பெரும்பாலும் காற்றை எதிர்த்தே நிற்கும், அதனால் முகம் உங்களைப் பார்த்திருக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றுக் காலத்தில் காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில் வெயில், காற்று இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கமிருந்து வரும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காலத்தில் பின்னேரம்தான் அப்படி அமையும். பலமான காற்றென்றால் குளக்கட்டின் ஒதுக்குப் பக்கம் போங்கள்.

அடுத்தது கமரா. தும்பி செக்கனுக்கு 30 தடவை அளவில் செட்டை அடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/2000இல் வையுங்கள். செட்டை நுனி கொஞ்சம் கலங்கினாலும் அழகுதான் என்றால் 1/1000 போதும். லென்ஸ் துவாரம் எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) தானியங்கி. படத்தில் கொஞ்சம் மணல் போலப் புள்ளி விழுந்தால் கவலைப்படாதீர்கள், கண் தெளிவாக இருந்தால் அது உறுத்தாது.

தானியங்கி போகஸ் பின்னால் இருக்கும் புல்லைப் பிடித்துவிடும். அதை நிறுத்திவிட்டு, தும்பி வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள கோரை நுனியில் கையால் போகஸ் செய்யுங்கள். பிறகு வளையத்தைத் தொடவேண்டாம். தும்பி வரும்போது உடம்பை மட்டும் மெல்ல முன்னே பின்னே சாய்த்து, தெளிவாகத் தெரிந்த உடனே தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுங்கள். நூறில் இரண்டு சரிவந்தால் அது நல்ல நாள்.

பழகுவதற்கு, மஞ்சள் செட்டையில் கறுப்புத் திட்டுள்ள தும்பியைத் தேடுங்கள். வண்ணத்துப்பூச்சி போல ஆறுதலாகப் பறக்கும், ஏமாற்றாது.

இன்னொன்று, இதை அக்கறையோடு சொல்கிறேன். கமராவுக்குள் கண் இருக்கும்போது கால் எங்கே போகிறது என்று தெரியாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் போகவே வேண்டாம். ஆட்கள் நடந்து பழகிய பாதையிலேயே நில்லுங்கள். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், குளங்களில் முதலை உண்டு. யானை நடமாடும் பக்கமென்றால் பொழுதுபட முன்னர் வீடு திரும்புங்கள்.

கை பழகிய பிறகு, மாரி தொடங்கும்போது வயல்வெளிக்கு மேல் கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தும்பிக்குப் போகலாம். மாலைதீவுக்கு ஒக்டோபரில் கடல் தாண்டி வருகிற இனம் அது. அங்கிருந்து கிழக்கு ஆபிரிக்கா வரை போவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். லேசில் ஓரிடத்தில் அமராது, ஒரே வழியில் திரும்பியும் வராது. அதற்கு மட்டும் தானியங்கி போகஸைத் திரும்பப் போட்டு, வானத்தைப் பின்னணியாக வைத்துப் பாருங்கள்.