இந்த மாத மழை கூடுதலா, குறைவா? கணக்குப் பார்க்கும் விதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒருவர் "இந்த வருஷம் மழையே காணோம்" என்பார். பக்கத்தில் இருப்பவரோ "போன வாரம் வாசல் வரைக்கும் தண்ணி வந்துச்சே" என்பார். தோட்டத்து ஆபிஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து மழைப் புத்தகம் எழுதியவன் நான். இருவர் பேச்சையும் நம்பமாட்டேன். அளந்து பாருங்கள்.

மைலோ டின் வேண்டாம், வாய் சற்றுக் குறுகல். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஜாடி போதும்; உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையளவு. செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓலை சொட்டும் இடத்தில் வைக்காதீர்கள். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். தினமும் காலை 8 மணிக்கு அளந்து, எழுதி, கொட்டிவிடுங்கள். 1-ஆம் தேதி காலையில் இருக்கும் தண்ணீர் போன மாதக் கணக்கு.

அடுத்தது சராசரி. பொதுவாக 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுச் சராசரியோடுதான் ஒப்பிடுவார்கள். பக்கத்து வானிலை நிலையம் எது என்பதில் கவனம் வேண்டும். தைப்பிங்கும் பேராக்தான், ஈப்போவும் பேராக்தான். ஆனால் தைப்பிங் மலையடிவாரத்தில் கொட்டும் மழை நமக்கு வராது. பழைய தோட்டப் புத்தகம் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்குலத்தில் இருக்கும், 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். ஆண்டு மொத்தத்தை 12-ஆல் வகுக்கவே கூடாது. மேற்குக் கரையில் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். நவம்பரை நவம்பரோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, ஒரு பேச்சுக்கு நவம்பர் சராசரி 300 மில்லிமீட்டர், உங்கள் அளவு 240 என்று வையுங்கள். 80 விழுக்காடு. உடனே வறட்சி என்று கிளம்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று பேய்மழை ஆண்டுகள் சராசரியை மேலே இழுத்துவிடும். எல்லா ஆண்டு நவம்பரையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக எழுதி, 240 எங்கே விழுகிறது என்று பாருங்கள். நடுவில் விழுந்தால் அது வழக்கமான மாதம்தான். வரிசையின் முதல் இரண்டு மூன்றுக்குள் வந்தால்தான் வறட்சி என்ற பேச்சு. 1997-98, 2015-16 போன்ற எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி, நம் பக்கம் மழை குறையக்கூடிய) ஆண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

மொத்தத்தோடு, 1 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை நாட்களையும் எண்ணுங்கள். ரப்பர் இருந்த காலத்தில் காலை மழைக்கு நான் தனிக் கட்டம் போடுவேன். பட்டை நனைந்தால் மரம் சீவ முடியாது. சாயங்காலம் எவ்வளவு கொட்டினாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். செம்பனைக்கு அந்தக் கட்டம் தேவையில்லை. ஆனால் வறட்சியால் குலை குறைவது பல மாதம் கழித்துத்தான் தெரியும், அதனால் போன வருஷப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.