நம்ம ஊர் மழையும் வெயிலும் வழக்கமானதுதானா? முப்பது வருஷக் கணக்கோடு ஒப்பிடும் செய்முறை

பிசான (வடகிழக்குப் பருவமழையை நம்பிய நெல் பருவம்) நடவு முடிந்த ஒரு நவம்பர் கடைசியில் எங்கள் வீட்டில் தொடங்கிய வாக்குவாதம் இது. "இந்த வருஷம் மழை கம்மிப்பா" என்றேன். "எப்பவும் போலதான பெஞ்சிருக்கு, அதுக்குள்ள என்ன அவசரம்" என்றார் அப்பா. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் நாங்கள் இருவருமே சொன்னது சரி என்று வந்தது. எப்படி என்பது ஐந்தாவது படியில் இருக்கிறது. நான் தடுக்கிய இடங்களில் நீங்களும் தடுக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எக்செல் திறந்து இரண்டு நெடுவரிசையைக் கூட்டத் தெரிந்தால் போதும். நான் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துகிறேன். இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். செல்போனில் செய்யப் பார்க்காதீர்கள், முப்பது வருஷத் தினக்கணக்கு என்றால் ஏறக்குறைய பதினோராயிரம் வரி வரும்.

படி 1: எந்த ஊர் என்று முடிவு செய்யுங்கள்

"திருநெல்வேலி மாவட்டம்" என்று தொடங்கினேன். அதுதான் முதல் தப்பு. 1986 அக்டோபர் வரை தூத்துக்குடியும் இந்த மாவட்டம்தான். 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. ஆக 1980-இல் "திருநெல்வேலி மாவட்டச் சராசரி" என்று எழுதியிருந்தால் அதற்குள் குற்றாலமும் இருக்கும், விளாத்திகுளமும் இருக்கும். அதை இன்றைய மாவட்ட எண்ணோடு வைத்துப் பார்த்தால், வானம் மாறியதா, வரைபடம் மாறியதா என்றே தெரியாது.

மாவட்டத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு மழைமானியைப் பிடியுங்கள். பாளையங்கோட்டையா, அம்பாசமுத்திரமா, பாபநாசம் அணையா, எது உங்கள் வயலுக்குப் பக்கமோ அது. நம்ம பக்கம் இருபது முப்பது கிலோமீட்டரிலேயே வானிலை மாறிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் (மேற்கிலிருந்து வரும்) காற்று அடிக்கையில் செங்கோட்டையும் குற்றாலமும் சாரலில் நனையும், பாளையங்கோட்டையில் புழுதி பறக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையே பிடித்துக்கொள்கிறது, செங்கோட்டைக் கணவாய் வழியே தப்பி வருவதுதான் சாரல். சமவெளிக்கு உண்மையான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான்.

பல மழைமானிகளின் சராசரி கட்டாயம் வேண்டும் என்றால், எல்லா வருஷத்துக்கும் அதே மழைமானிகளை வையுங்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து போன்ற மலை இடங்களை இந்த வருஷத்தில் சேர்த்து, பழைய வருஷத்தில் விட்டுவிட்டால், மழை கூடாமலேயே கூடியதாகக் காட்டும்.

படி 2: கணக்கைச் சேகரியுங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலக இணையதளத்தில் நாடு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்த தினக்கணக்கு கிடைக்கும். மழை 1901-இல் இருந்து, கால் டிகிரிக் கட்டம். வெப்பநிலை 1951-இல் இருந்து, ஒரு டிகிரிக் கட்டம். அந்தக் கோப்புகள் கால்க்கில் நேரடியாகத் திறக்காது. பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தவர்கள் ஐஎம்டிலிப் என்ற நிரல் தொகுப்பால் தங்கள் ஊர்க் கட்டத்தை மட்டும், கால்க்கில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கட்டம் என்பது ஏறக்குறைய 28 கிலோமீட்டர் அகலம். மலையடிவார ஊர்களில் ஒரே கட்டத்துக்குள் அணையும் வரும், வயலும் வரும். எனக்கு மழைமானியின் எண்தான் பிடிக்கும். கட்டக் கணக்கை, விட்டுப்போன வருஷங்களைச் சரிபார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்.

படி 3: சுத்தம் செய்யுங்கள்

இந்தப் படிக்கே மூன்று வாரம் போனது எனக்கு.

வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு. மழை பெய்யாத நாள் பூஜ்யம். அளக்காத நாள் வெற்றிடம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வெற்றிடம் எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டுவிட்டேன். பழைய வருஷங்களில்தான் விட்டுப்போன நாள் அதிகம், அதனால் பழைய சராசரி தாழ்ந்துபோய், அண்மை வருஷங்கள் எல்லாமே "அதிக மழை" என்று வந்தன. நான்கு நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். கட்டக் கணக்கில் விட்டுப்போன இடத்தில் மழைக்கு -999 என்றும் வெப்பநிலைக்கு 99.9 என்றும் இருக்கும். அவற்றை அழித்து வெற்றிடமாக்குங்கள். அப்படியே விட்டால் கூட்டல் தாறுமாறாகப் போகும்.

ஒரு மாதத்தில் சில நாள் வெப்பநிலை இல்லாவிட்டால் பெரிய பாதகம் இல்லை. மழைக்கு அப்படி விட முடியாது. ஒரே ராத்திரி மாதத்தின் பாதியைக் கொட்டிவிடும். அதனால் மழை மாதங்களில் ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த மாதத்தை நான் சராசரியில் சேர்ப்பதில்லை.

அடுத்தது அலகு. பழைய பதிவேடுகள் அங்குலத்திலும் சென்ட்டிலும் இருக்கும். நூறு சென்ட் ஓர் அங்குலம், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்.

அடுத்தது நேரம். மழை நாள் என்பது நள்ளிரவில் மாறுவதில்லை. முந்தின நாள் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது இன்றைய தேதியில் எழுதப்படும். நவம்பர் 30 சாயங்காலம் கொட்டிய மழை டிசம்பர் 1-இல்தான் வரும். வீட்டு மொட்டைமாடியில் மழைமானி வைத்திருப்பவர்களும் காலை 8.30-க்கே அளந்து பழகுங்கள்.

படி 4: சராசரி போட்டு ஒப்பிடுங்கள்

வெப்பநிலைக்கு 1991 முதல் 2020 வரையிலான முப்பது வருஷத்தை எடுங்கள். உலக வானிலை அமைப்பின் இப்போதைய அளவுகோல் அதுதான். மழைக்கு இந்திய வானிலைத் துறை 1971 முதல் 2020 வரையிலான ஐம்பது வருஷச் சராசரியை வைத்திருக்கிறது. எதை எடுத்தாலும் சரி, தாளின் கீழே அந்த வருஷங்களை எழுதிவிடுங்கள். எழுதாத சராசரியை நான் நம்புவதே இல்லை.

பிவட் டேபிளில் (தினக்கணக்கைத் தொகுத்துக் காட்டும் கால்க் வசதி) வருஷத்தை இடப்பக்கமும் மாதத்தை மேலேயும் வைத்தால் மாதக் கூட்டல் வந்துவிடும். மழையைக் கூட்டுங்கள், வெப்பநிலையைச் சராசரி எடுங்கள். பகல் உச்சத்தையும் இரவுக் குறைந்த அளவையும் தனித்தனியாக வையுங்கள். இரண்டையும் கலந்தால் ராத்திரிப் புழுக்கம் கூடியிருப்பது கண்ணில் படாமலே போகும்.

வெப்பநிலைக்குக் கழித்தல் மட்டும் போதும். "ஐந்து சதவீதம் சூடு கூடியது" என்று எழுதாதீர்கள், செல்சியஸில் அதற்குப் பொருளே இல்லை. நம்ம ஊரில் மாதச் சராசரி 1 டிகிரி விலகினாலே அது கவனிக்க வேண்டிய மாதம்.

மழைக்குச் சதவீதம். பெய்ததிலிருந்து சராசரியைக் கழித்து, சராசரியால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: சராசரி 180 மி.மீ., பெய்தது 126 என்றால் -30 சதவீதம். வானிலைத் துறையின் வகைப்படி 19 வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பு. 20 முதல் 59 வரை கூடினால் அதிகம், குறைந்தால் பற்றாக்குறை. 60-ஐத் தொட்டால் மிக அதிகம் அல்லது பெரும் பற்றாக்குறை.

கோடை மாதங்களிலும், பாளையங்கோட்டைப் பக்கம் ஜூன், ஜூலையிலும் இந்தச் சதவீதம் ஏமாற்றும். சராசரி 10 மி.மீ. இருக்கும் மாதத்தில் 22 பெய்தால் 120 சதவீதம் கூடுதல் என்று வரும். பெய்தது என்னவோ ஒரு தூறல் அதிகம், அவ்வளவுதான். அந்த மாதங்களுக்கு மில்லிமீட்டரையே எழுதுங்கள்.

மழை நாள் எண்ணிக்கைக்கும் ஒரு நெடுவரிசை வையுங்கள். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது மழை நாள். 2023 டிசம்பரை நாம் யாரும் மறக்க மாட்டோம். 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. அந்த மாதக் கூட்டலை மட்டும் பார்ப்பவருக்கு, பயிருக்கு இதமாக மாதம் முழுக்க நின்று பெய்ததா, ஒரே வீச்சில் வந்து ஊரை அடித்துக்கொண்டு போனதா என்பது தெரியாது. அப்படி ஒரு மாதம் சராசரியையே தூக்கிவிடும் என்பதால், முப்பது வருஷத்தையும் வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கு எனக்கு அந்த நடு எண்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

படி 5: தமிழ் மாதத்துக்கும் ஒரு தாள்

இனி அப்பா விஷயம். நான் கூட்டியது நவம்பர் 1 முதல் 30 வரை. அப்பா மனதில் இருந்தது கார்த்திகை. அது நவம்பர் நடுவில் பிறந்து டிசம்பர் நடுவில் முடியும். நவம்பர் முதல் பாதி ஐப்பசிக் கணக்கு. அந்த வருஷம் ஐப்பசிக் கடைசி காய்ந்து, கார்த்திகை பிறந்த பிறகு மழை பிடித்தது. என் நவம்பர் குறைந்தது, அவர் கார்த்திகை குறையவில்லை.

பெரியவர்கள் சொல்லும் "போன தடவை ஐப்பசியில இப்படி இல்ல" என்பதைச் சரிபார்க்க ஆங்கில மாதத்தை வைத்தால் கணக்கு ஒட்டவே ஒட்டாது. தினக்கணக்கு கையில் இருந்தால் வேலை எளிது. தேதிக்குப் பக்கத்தில் தமிழ் மாதம் என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, பஞ்சாங்கத்தைப் பார்த்து நிரப்புங்கள். மாதப்பிறப்பு வருஷத்துக்கு ஒரு நாள் முன்பின் ஆகும், முப்பது வருஷச் சராசரியில் அது பெரிதாகத் தெரியாது. பிறகு அதே பிவட் டேபிள். விதைப்பும் நடவும் அந்த மாதங்களில்தானே நடக்கிறது, வயல்காரருக்கு இந்தத் தாள்தான் உதவும்.

சேர்த்தது: செங்கோட்டைக்காரர் ஒருவர், தன் கணக்கில் ஜூலைகூட வடகிழக்கு மாதங்களுக்கு இணையாக நிற்கிறதே, தப்பா என்று கேட்டிருந்தார். தப்பில்லை, அது சாரல் ஊர். பாளையங்கோட்டைச் சராசரியை அங்கே வைக்க வேண்டாம்.

மறுபடியும் சேர்த்தது: தேதிகள் குழம்புவதாக இரண்டு பேர் எழுதினார்கள். கால்க் சில கணினிகளில் 05/11-ஐ மே 11 என்று படிக்கிறது. சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசைக்கு நாள், மாதம், வருஷம் என்ற வரிசையைத் தேர்ந்தெடுங்கள். மே மாதத்தில் அடைமழை தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.